சின்ன வயதில் வந்த அம்மை, ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி தலைகாட்டுவது ஏன்?

சிறு வயதில் வந்த சின்னம்மை உடம்பை விட்டே போய்விட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அந்த வைரஸ் நரம்பு வேர்களில் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். சைட்டோமெகலோ என்ற இன்னொரு வைரஸ் ரத்த அணுக்களில் ஒளிந்திருக்கும்.

பிறகு ஏன் நாம் நலமாக இருக்கிறோம்? ஊர்க்காவல்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய திருடனின் முகம் அவர்களுக்கு அத்துப்படி. தலையை நீட்டினாலே அமுக்கிவிடுவார்கள். ரத்தத்தில் உள்ள டி செல்களின் வேலையும் இதுதான்.

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்றும் முன், கடும் மருந்துகளால் எலும்பு மஜ்ஜையைத் துடைத்தெடுக்கிறார்கள். புற்றுச் செல்களோடு காவல்காரர்களும் போய்விடுகிறார்கள். அதன் பிறகே, புது ரத்த அணுக்களை உருவாக்கும் கொடையாளியின் ஸ்டெம் செல்களை ஏற்றுகிறார்கள்.

புதுக் காவல் எப்போது வரும்? பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளை அணுக்கள் 2 முதல் 4 வாரங்களில் வந்துவிடும். திருடனின் முகம் பழகிய டி செல்கள் தேறப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும்.

இந்த இடைவெளியில்தான் பதுங்கியிருந்த வைரஸ்கள் விழிக்கின்றன. சின்னம்மை வைரஸ் அக்கியாகவும், சைட்டோமெகலோ நிமோனியா, குடல் புண் என்றும் வெவ்வேறு வடிவில் தாக்குகின்றன.

மருத்துவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? முதல் 100 நாட்கள் வரை ரத்தத்தில் சைட்டோமெகலோவை அடிக்கடி தேடுகிறார்கள். தென்பட்டால், நோய் முற்றும் முன்பே மருந்து தருகிறார்கள். அக்கியைத் தடுக்க அசைக்ளோவிர் மாத்திரை மாதக்கணக்கில் தொடரும். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெட்டர்மோவிர் என்ற மருந்து, சைட்டோமெகலோ தலைதூக்காமல் காக்கிறது.

இன்னொன்று தெரியுமா? பழைய காவல்காரர்கள் போய்விட்டதால், குழந்தைப் பருவத் தடுப்பூசிகளையும் முதலிலிருந்து மறுபடி போட வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசிக்குக் குறைந்தது 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; அதில் இருப்பது வலுக்குறைந்தாலும் உயிருள்ள வைரஸ்.