மின்வழங்கிகளில் உட்பாய்வு மின்னோட்டம்

உட்பாய்வு மின்னோட்டம் என்பது ஒரு மின்கருவியை இயக்கும் கணத்தில், அதன் வழக்கமான மின்னோட்டத்தைவிடப் பல மடங்கு மிகுதியாகச் சிறிது நேரம் பாயும் மின்னோட்டம் ஆகும். நிலைமாற்று மின்வழங்கிகளில் (எஸ்.எம்.பி.எஸ்) இதற்கு முதன்மைக் காரணம் மின்தேக்கிகள். மின்னூட்டம் இல்லாத மின்தேக்கி, முதல் கணத்தில் குறுக்குச்சுற்றைப் போலவே நடந்துகொள்ளும். அலைவைக் குறைக்கவோ, நொடிப்பொழுது மின்தடையைத் தாங்கவோ பெரிய மின்தேக்கிகளைக் கூடுதலாக இணைப்பதுண்டு. அவை உள்ளீட்டில் சேர்க்கப்படுகின்றனவா, வெளியீட்டிலா என்பதைப் பொறுத்துச் சிக்கல் முற்றிலும் வேறுபடும்.

உள்ளீட்டுப் பக்கம்

230 வோல்ட்டு மாறுமின்னழுத்தத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்டு. அந்த உச்சத்தில் சுவிட்சு போடப்பட்டு, சுற்றின் மொத்த மின்தடை 2 ஓம் மட்டுமே இருந்தால், 160 ஆம்பியருக்கு மேல் பாயும். 470 மைக்ரோபாரடு மின்தேக்கியை 940 ஆக இரட்டித்தால் இந்த உச்சமும் இரட்டிக்கும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. உச்சத்தை முடிவு செய்வது மின்தடையே. இரட்டிப்பது பாய்வு நீடிக்கும் நேரமும், வழியில் வெப்பமாகும் ஆற்றலும்தான்: சுமார் 25 ஜூல் என்பது 50 ஜூல் ஆகிறது. உருகி எரிவதும் டையோடு பாலம் பழுதாவதும் உச்சத்தை மட்டுமல்ல, இந்த ஆற்றலையும் பொறுத்தவை. முன்பு தாங்கிய உருகி, மின்தேக்கியை மாற்றியபின் எரிவது இதனால்தான். பெரிய உருகியைப் போடுவது தீர்வாகாது. டையோடுகளின் சுமை அதனால் குறைவதில்லை.

எளிய தீர்வு, வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் என்.டி.சி தெர்மிஸ்டர். குளிர்ந்த நிலையில் 10 ஓம் உள்ள ஒன்றைத் தொடராக இணைத்தால், மேற்கண்ட 160 ஆம்பியர் சுமார் 27 ஆகக் குறையும். அது தாங்கக்கூடிய மிகப்பெரிய மின்தேக்குத்திறனை உற்பத்தியாளர் தரவுத்தாளில் பார்க்கலாம். மின்தேக்கியைப் பெரிதாக்கும்போது இதை மீண்டும் சரிபார்க்க வேண்டும். இதன் பெரிய குறை, மின்சாரம் போய் உடனே வரும்போது தெரியும். மின்தேக்கி வடிந்திருக்கும், தெர்மிஸ்டரோ இன்னும் சூடாக இருக்கும். பாதுகாப்பு ஏறக்குறைய இல்லாமற்போகும்.

எனவே பெரிய மின்வழங்கிகளில் மின்தடையத்தின் வழியே மின்தேக்கியை நிரப்பி, பிறகு ரிலேயால் அம்மின்தடையத்தைக் குறுக்கிடுவர். மின்தேக்கியில் சேரும் அளவுக்கு ஏறத்தாழ ஒத்த ஆற்றல் மின்தடையத்திலும் வெப்பமாகும். அதன் ஓம் மதிப்பைக் கூட்டுவதால் இது குறையாது. ஆகவே துடிப்பாற்றலைத் தாங்கும் கம்பிச்சுற்று மின்தடையமே பொருந்தும். ரிலே மூடும்வரை சுமை மின்சாரம் எடுக்கக்கூடாது. எடுத்தால் மின்தேக்கி முழுமையாக நிரம்பாது, மின்தடையம் கருகிவிடும். இந்த மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பின்னும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால், வடிகால் மின்தடையம் கட்டாயம்.

வெளியீட்டுப் பக்கம்

இங்கே எரிவதைவிட, மின்வழங்கி தொடங்காமலே இருப்பதுதான் வழக்கமான புகார். 12 வோல்ட்டு, 10 ஆம்பியர் மின்வழங்கி ஒன்று 10 மில்லிநொடியில் மெல்லத் தொடங்குவதாகக் கொள்வோம். வெளியீட்டில் 10,000 மைக்ரோபாரடு சேர்த்தால், அதை நிரப்ப மட்டுமே 12 ஆம்பியர் வேண்டும். மின்வழங்கி இதை மிகைச்சுமை என எண்ணி அணைந்து, மீண்டும் முயலும். இடைவேளையில் சுமை மின்தேக்கியை வடித்துவிட்டால் இந்த விக்கல் முடிவின்றித் தொடரும். கைக்கணினியின் யூ.எஸ்.பி துளையிலும் இதே கணக்குதான்: யூ.எஸ்.பி 2.0 தரம், இணைக்கப்படும் கருவியின் உள்ளீட்டு மின்தேக்கியை 10 மைக்ரோபாரடுக்குள் கட்டுப்படுத்துகிறது.

மாஸ்ஃபெட் ஒன்றைத் தொடராக வைத்து அதை மெல்லத் திறப்பது நல்ல வழி. நேரத்தை 100 மில்லிநொடியாக நீட்டினால் மேற்கண்ட 12 ஆம்பியர் 1.2 ஆகிவிடும். ஆனால் பாதி திறந்த நிலையில் மாஸ்ஃபெட் வெப்பத்தைச் சுமக்கிறது. அதன் பாதுகாப்பான இயக்கப் பரப்பைத் தரவுத்தாளில் பார்க்காமல், மின்னோட்ட வரம்பை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தவை எரிவதுண்டு. மின்தேக்கியை மின்வழங்கியின் முனைகளில் நேரடியாக இணைக்காமல் மாஸ்ஃபெட்டுக்கு அப்பால் வைப்பதால், தொடக்கத்தின்போது அதன் பின்னூட்டக் கட்டுப்பாடு கலையாமலும் இருக்கும்.