ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலைப்பொழுது

பெரிய குடும்பமொன்றின் தாயார் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தால், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை, பேரப்பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்வது நம்மவர் வழக்கம். அத்தாய் ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்திருந்து பேசிய பொழுதுகள் எத்தனை என்று நாம் எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ணத்தக்க வாழ்வு வாழ்ந்த கிறிஸ்தவத் தாய் ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகின்றோம். அவர் இங்கிலாந்திலே பிறந்து அங்கேயே மறைந்தவர். தமிழ் நிலத்தைக் கண்ணாற் கண்டதில்லை. எனினும், அவர் வாழ்வின் சிறந்த பணி ஒன்றுக்குத் தூண்டுதல் தமிழ்க் கடற்கரையிலிருந்தே சென்றது.

சூசன்னா வெஸ்லி அம்மையார் 1669ஆம் ஆண்டு லண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் சாமுவேல் அனஸ்லி கற்றறிந்த போதகர். இருபதுக்கும் மேற்பட்ட அவர்தம் பிள்ளைகளுள் சூசன்னாவே கடைக்குட்டி. 1688ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாவது வயதில், சாமுவேல் வெஸ்லி என்னும் இளங்குருவை மணந்தார். லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள எப்வேர்த் என்னும் சிற்றூரில் கணவர் பங்குக் குருவாயிருக்க, அங்கேதான் அம்மையாரின் வாழ்வில் பெரும்பகுதி கழிந்தது. பெற்ற பிள்ளைகள் 19 பேர். அவர்களுள் வளர்ந்து ஆளானவர்கள் 10 பேரே. ஏனைய ஒன்பது சிசுக்களையும் மண்ணுக்குக் கொடுத்த தாய் அவர்.

வறுமையும் அவரை விட்டபாடில்லை. கணவர் கல்விமானாயினும் கணக்கிற் கைதேர்ந்தவரல்லர். 1705ஆம் ஆண்டு கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அவர் அடைக்கப்பட்டார். தம்மிடமிருந்த ஒரே பொருளான மோதிரங்களைக் கழற்றி அம்மையார் சிறைக்கு அனுப்பிவைத்தார்; கணவரோ அவற்றைத் திருப்பியனுப்பிவிட்டார். உணவுக்கே இல்லாத நிலை வந்ததுண்டா என்று பேராயர் ஒருவர் வினவியபோது, உணவு இல்லாதிருந்ததில்லை என்றும், ஆயின் அதைத் தேடுவதற்கு முன்னரும் அதற்கு விலை கொடுக்கப் பின்னரும் பட்ட பாடு உண்பதன் இன்பத்தைக் கெடுத்துவிட்டது என்றும் அவர் விடையிறுத்தார்.

இத்தகைய வீட்டிலேதான் அம்மையார் பள்ளிக்கூடம் நடத்தினார். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிய மறுநாளே ஏடு தொடங்கப்படும். அந்த ஒரு நாளுக்குள் ஆங்கில நெடுங்கணக்கு முழுவதையும் பிள்ளை கற்றுவிடும். இருவருக்கு மட்டும் ஒன்றரை நாள் வேண்டியிருந்தது. அடுத்து ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். நாள்தோறும் ஆறு மணி நேரம் படிப்பு. அம்மையார் வகுத்த விதிகளுள் ஒன்றை நம் பெற்றோர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். நன்றாக வாசிக்கப் பழகுமுன் எந்தப் பெண்பிள்ளையையும் தையல் முதலிய வேலைகளில் அமர்த்தலாகாது என்பதே அது. ஊசியும் நூலுமே பெண்ணின் கல்வியென்று உலகம் கருதிய காலத்தில் எழுந்த விதி அது.

1709ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் இரவு குருமனை தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவன் ஜோன் மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்டான். ஏணி கொணர நேரமில்லை. ஒருவர் தோள்மேல் மற்றொருவர் ஏறிநின்று பலகணி வழியாக அவனை வாங்கிய சற்று நேரத்தில் கூரை சரிந்து வீழ்ந்தது. உயிர்கள் தப்பின, வீடு தப்பவில்லை. புது மனை எழும்பும்வரை பிள்ளைகள் பல வீடுகளிற் பிரிந்திருக்க நேர்ந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது பேச்சும் பழக்கமும் கெட்டிருந்ததைக் கண்டு தாய் மனம் வருந்தினார். அவர்களைத் திருத்தும் பணியை மீண்டும் தொடங்கினார்.

இந்நிலையில், 1711ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கணவர் லண்டன் சென்றிருந்தபோது, மூத்த மகள் எமிலி தந்தையின் படிப்பறையிலிருந்து ஒரு நூலை எடுத்து வந்து தாய்க்கு வாசித்துக் காட்டினாள். அது தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியிற் பணிபுரிந்த டேனிய மிஷனரிமாரைப் பற்றிய வரலாறு. 1706ஆம் ஆண்டு அங்கு வந்திறங்கித் தமிழ் கற்று, பின்னர் புதிய ஏற்பாட்டைத் தமிழிலே பெயர்த்து அச்சேற்றிய சீகன்பால்கு ஐயரும் அவருடைய தோழரும் பட்ட பாடுகளை அந்நூல் விரித்துரைத்தது. அது அம்மையாரின் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. பல நாள் வேறு எதையும் நினைக்கவோ பேசவோ இயலவில்லை. நான் ஆணுமல்லேன், குருவுமல்லேன், ஆயினும் இப்பொழுது செய்வதிலும் மிகுதியாக எதையேனும் செய்யக்கூடாதா என்று தம்மைத் தாமே வினவினார். விடையும் கண்டார். பணியைத் தம் பிள்ளைகளிடமே தொடங்குவது என்பதே அவ்விடை.

அன்று முதல் இரவுதோறும் ஒரு பிள்ளையுடன் தனித்திருந்து உரையாடலானார். திங்கள் மொலிக்கு, செவ்வாய் ஹெற்றிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜோனுக்கு, வெள்ளி பற்றிக்கு, சனி சாள்சுக்கு, ஞாயிறு எமிலிக்கும் சூக்கிக்கும். அந்நேரத்தில் பாடமில்லை, தண்டனையில்லை. பிள்ளையின் மனத்திலுள்ள ஐயங்களையும் அச்சங்களையும் கேட்டுத் தாய் விடை பகர்வார். கூட்டமாயிருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தாய் முழுவதுமாகக் கிடைக்கும் ஒரு பொழுது என்றால், அதன் அருமையை நாம் சொல்லவும் வேண்டுமோ?

அக்குளிர்காலத்திலேயே, ஞாயிறு மாலைகளில் வீட்டாருக்காக அவர் நடத்திய ஜெபத்துக்கு அயலாரும் வரத் தொடங்கினர். முப்பது நாற்பது பேராயிருந்த கூட்டம் இருநூறுக்கு மேற் பெருகிற்று. உதவிக் குரு முறையிட, கணவர் கடிதம் எழுதினார். பிரசங்கத்தை ஓர் ஆண்மகன் வாசிக்கலாகாதா என்று கேட்டதற்கு, எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வல்லவர் இவ்வூரில் எவருமிலர் என்று அம்மையார் பதிலெழுதினார். கூட்டத்தை நிறுத்தவேண்டுமாயின் ஆலோசனை கூறுதல் போதாது. இறுதித் தீர்ப்பு நாளிலே தம்மீது குற்றம் சாராதவாறு தெளிவாகக் கட்டளையிடவேண்டும் என்றும் குறித்தார். கட்டளை வரவில்லை, கூட்டமும் நிற்கவில்லை.

அம்மையாரிடம் குறையே இல்லையென்று நாம் கூறவரவில்லை. ஓராண்டு நிரம்பிய குழந்தையும் பிரம்புக்கு அஞ்சவேண்டும், அழுதாலும் மெல்ல அழவேண்டும் என்ற அவரது கண்டிப்பை இன்று நாம் ஏற்கமாட்டோம். கல்வி அவருடைய புதல்வியரின் துயரைத் துடைத்துவிடவுமில்லை. சிறுவயதிலேயே கிரேக்க மொழி கற்ற ஹெற்றியின் இல்வாழ்வு கண்ணீரிற் கழிந்தது. அக்கால உலகம் கற்ற பெண்ணுக்கு இடமளிக்கவில்லை. இதைத் தாய் ஒருவரால் மட்டும் மாற்ற இயலவில்லை.

1735ஆம் ஆண்டு கணவர் இறந்தார். அம்மையார் பிள்ளைகளின் வீடுகளில் மாறி மாறி வாழ்ந்து, இறுதியில் லண்டனில் ஜோனிடம் வந்து சேர்ந்தார். பழைய பீரங்கி வார்ப்புக் கூடமொன்றைத் திருத்தி ஜோன் அமைத்த தொழுகைமனையே அவரது கடைசி இல்லம். 1742ஆம் ஆண்டு ஜூலை மாதம், தமது 73ஆம் வயதில், தம் உயிர் பிரிந்ததும் அழாமல் இறைவனைத் துதித்துப் பாடுமாறு பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு கண்மூடினார். சூழ நின்றவர்கள் அவ்வாறே பாடினர்.

அச்சிறுவன் ஜோனே மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்தவர். சாள்ஸ் 6,000க்கும் மேற்பட்ட ஞானப்பாடல்களை யாத்தவர். 1814ஆம் ஆண்டு அவ்வியக்கத்தின் மிஷனரிமார் இலங்கையில் வந்திறங்க, அவர்களுள் லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணம் வந்தனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் வேம்படி மகளிர் கல்லூரியும் அப்பணியின் வழித் தோன்றியவையே. ஆறுமுக நாவலர் இளமையிற் கற்றதும் கற்பித்ததும் அம்மிஷனரிமாரின் பாடசாலையிலேதான். தரங்கம்பாடியிலிருந்து எப்வேர்த் குருமனைக்குச் சென்ற தூண்டுதல், ஒரு நூற்றாண்டு கழித்து, பாடசாலையாக நம் வாசலுக்குத் திரும்பி வந்தது.

ஜோன் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கிய காலத்தில், தாய்க்குக் கடிதமெழுதி ஒரு வரங்கேட்டார். பொருளன்று, பழைய வியாழக்கிழமை மாலைகளில் தமக்கு ஒதுக்கிய அச்சிறுபொழுதை இனியும் தமக்காக ஒதுக்கவேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். முப்பதை நெருங்கிய அறிஞர் ஒருவர் திரும்பக் கேட்ட பொழுது அது. நம் வீடுகளில் பிள்ளைகள் இன்று பத்தொன்பது பேரில்லை, இருவரோ மூவரோதான். அவர்களுள் எவருக்கு எந்த மாலை என்பதை இன்றிரவே நாம் குறித்துக்கொள்ளலாம் அல்லவா?