ஆழ்கடற் படப்பிடிப்பும் நீர்காப்புப் பெட்டியும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி, ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி, 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கியது. அதனுடன் 307 பேர் மாண்டனர். 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்னும் எண்ணெய்க் கப்பலும் அன்றே அக்கடலில் அமிழ்ந்தது. முன்னது ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில், கடற்றொழிலாளர் கணக்கிற் கூறின் 29 பாகத்தில், கிடக்கின்றது. பின்னதோ 24 மீட்டர், அஃதாவது 13 பாகம் அளவிலேயே உள்ளது. கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே சென்றால் நாவிதன்வெளியின் வயல்வெளிகள் விரிகின்றன. அவ்வயல்களில் உழைப்போரும், கல்முனைக் கரையில் வலையிழுப்போரும் அக்கப்பல்களை நேரிற் காணப்போவதில்லை. அவர்கட்கு அவற்றைக் காட்டுவன சுழியோடிகள் எடுத்துவரும் படங்களே.

இது புதிய செய்தியன்று. 1956ஆம் ஆண்டில் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் திருகோணமலைச் சுவாமி மலையடியிற் சுழியோடியபோது, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்குத் தூண்கள் கடலடியிற் கிடக்கக் கண்டனர். 1961இல், அம்பாறைக் கரைக்குத் தெற்கே கிரிந்தைக்கு அப்பாலுள்ள பெரும் பாறைத்திட்டில், ஔரங்கசீப்பின் வெள்ளி நாணயங்கள் நிறைந்த கப்பலொன்றின் எச்சத்தை வில்சனும் அவருடன் சென்ற அமெரிக்கச் சிறுவர் இருவரும் கண்டுபிடித்தனர். கண்டவர் மிகச் சிலர்; பிறருக்கு அக்காட்சியை அளித்தது கமெரா. அக்கமெராவையோ ஒரு கைப்பிடி உப்புநீர் நொடியில் அழித்துவிடும். ஆகவே நீருக்கும் கமெராவுக்கும் இடையே நிற்கும் பெட்டியை எவ்வாறு தேர்வது என்பது சிறு வினாவன்று.

முதலில் அமுக்கத்தை அறிதல் வேண்டும். கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் மிகுகின்றது. அஃதாவது சதுர சென்ரிமீட்டர் ஒவ்வொன்றின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் சுமை ஏறுகின்றது. பெட்டியின் பின்கதவு 20 சென்ரிமீட்டர் நீளமும் 15 சென்ரிமீட்டர் அகலமும் உடையதெனக் கொள்வோர், எண்ணெய்க் கப்பல் கிடக்கும் ஆழத்தில் அதன்மேல் 700 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமை நிற்பதைக் கணக்கிடலாம். 'ஹெர்மிஸ்' கிடக்கும் ஆழத்திலோ அச்சுமை 1,500 கிலோகிராமைத் தாண்டும். 60 கிலோ நெல் மூடைகள் இருபத்தைந்தை ஒரு புத்தகத்தினளவான தகட்டின்மேல் அடுக்கியதற்கு அஃது ஒப்பாகும். 40 மீட்டருக்கென விற்கப்படும் பெட்டி முதற் கப்பலுக்குத் தாராளமாகப் போதும், இரண்டாவதற்கு உதவாது. கைத்தொலைபேசியை இட்டு மூடும் நெகிழ்பைகளோ முழங்காலளவு நீருக்கே உரியன. விற்பவர் எதனைக் கூறினும், அவற்றை நம்பி இறங்குதல் தகாது.

ஆயினும் பெட்டிகள் பெரும்பாலும் நசுங்குவதால் அழிவதில்லை, கசிவதாலேயே அழிகின்றன. கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள வரிப்பள்ளத்தில் மெல்லிய இறப்பர் வளையமொன்று கிடக்கின்றது. உலோகமும் கண்ணாடியும் எவ்வளவு உறுதியாயிருப்பினும், நீரைத் தடுப்பது அவ்வளையமே. அமுக்கம் கூடக் கூட, நீர் அவ்வளையத்தைப் பள்ளத்தின் மறுபக்கச் சுவரோடு நெருக்கி மேலும் இறுக்குகின்றது. இதனால் விளையும் விந்தை யாதெனில், பல பெட்டிகள் ஆழத்திற் கசியாமல், கரையோரத்திலும் கழுவும் தொட்டியிலுமே கசிகின்றன என்பதாம். அங்கே வளையத்தை இறுக்கும் அமுக்கம் குறைவு. மயிரிழை ஒன்றோ மணற்றுகள் ஒன்றோ குறுக்கே கிடப்பின் நீர் அவ்வழியே புகுந்துவிடும். வளையத்தைச் சிறிதாக எண்ணலாகாது என்பதற்கு விண்வெளியிலிருந்தும் சான்றுண்டு. 1986இல் 'சாலஞ்சர்' விண்கலம் அழிந்து எழுவர் மாண்டது, குளிரால் விறைத்த இறப்பர் வளையமொன்று தன் தொழிலைச் செய்யாமையினாலேயே.

எனவே, கடையிற் பெட்டியைக் கையில் எடுப்பவர் முதலிற் பார்க்கவேண்டியது அதன் மினுக்கத்தையன்று, வளையத்தின் பள்ளத்தையே. வளையத்தை விரலாலேயே எளிதிற் கழற்றவும் துடைக்கவும் மீண்டும் இடவும் முடிகின்றதா? வளையத்தின் நிறம் அதன்மேற் படியும் மணலையும் நூலையும் கண்ணுக்குக் காட்டுகின்றதா? மாற்று வளையங்கள் கிடைக்குமா? கிடைக்குமாயின், பெட்டியுடன் இரண்டு மூன்றைச் சேர்த்தே வாங்கிவிடுதல் நன்று. ஓர் இறப்பர் வளையத்துக்காகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் எழுதிக் காத்திருக்கையில் கடல் அமைதியாயிருக்கும் மாதங்கள் கழிந்துவிடும். வளையத்துக்குப் பூசும் பசையும் பெட்டியைச் செய்தவர் கொடுத்ததாகவே இருத்தல் வேண்டும். சிலவகை வளையங்கள் பிறர் பசை பட்டால் ஊதிப் பெருத்துப் பள்ளத்தில் அடங்காமற் போகும். தேங்காயெண்ணெயும் வாசலினும் இதற்கு ஆகா. பசையையும் வளையம் மினுங்குமளவுக்கு மட்டுமே தடவவேண்டும். நீரைத் தடுப்பது பசையன்று. மிகுதியான பசை மணலைப் பிடித்து வைத்திருப்பதற்கே உதவும்.

கதவு மாத்திரமன்று, ஒவ்வொரு பொத்தானும் பெட்டியில் இடப்பட்ட ஒரு துளையாகும். அத்துளைகளிலும் சிறு வளையங்கள் உள. அவற்றை வாங்கியவரே மாற்றுதல் பெரும்பாலும் இயலாது. குறித்த காலத்துக்கொருமுறை தொழிலறிந்தவரிடம் அனுப்பவேண்டும். அனுப்புவதற்கு இடமில்லாத பெட்டி எத்துணை மலிவாயினும் மலிவன்று. தேவையற்ற பொத்தான்கள் பல கொண்ட பெட்டியைவிட, வேண்டியவை மட்டும் கொண்டது மேல்.

இனிச் சோதனை. சைக்கிள் திருத்துபவர் ஒட்டுப்போட்ட ரியூப்பை நீர்த்தொட்டியில் அமுக்கி, குமிழி எழுகின்றதாவெனப் பார்ப்பது எவரும் அறிந்த காட்சி. நீர்காப்புப் பெட்டிக்கும் அதுவே முறை. புதிய பெட்டியைக் கமெராவின்றி, உள்ளே துணி சுற்றிய ஈயக்கட்டியையும் ஒற்றுத்தாளையும் இட்டு மூடி, முதலில் தொட்டியிலும், பின்னர் தோணியிலிருந்து கயிறு கட்டி, இறங்க எண்ணிய ஆழத்திலும் அரைமணி நேரம் வைத்தெடுக்கவேண்டும். ஒற்றுத்தாள் பொய் சொல்லாது. நீண்ட காலம் பயன்படுத்தாது வைத்திருந்த பெட்டிக்கும், பழையதாக வாங்கிய பெட்டிக்கும் இச்சோதனை தவறாது செய்யப்படல் வேண்டும்.

இக்காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் வேறொரு வசதியும் உண்டு. சிறு வால்வொன்றின் வழியே கைப்பம்பியினால் உள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதியை உறிஞ்சி எடுத்து, உள்ளமுக்கம் அப்படியே நிற்கின்றதா என்பதை ஒரு விளக்கு காட்டுமாறு செய்துள்ளனர். அரைமணி நேரம் விளக்கு மாறாதிருப்பின், மயிரிழையளவு வழியும் இல்லை எனக் கொள்ளலாம். நீர் புகுந்தபின் ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவியும் உண்டு. இரண்டில் ஒன்றையே வாங்கப் பொருளுள்ளவர் முன்னதையே வாங்குக. வீடு தீப்பற்றியபின் அடிக்கும் மணியைவிட அடுப்பை முன்னரே பார்த்துக்கொள்வது பயனுடையதன்றோ!

பெட்டி எதனாற் செய்யப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது. பொலிகாபனேற்று எனப்படும் தெளிந்த பிளாத்திக்குப் பெட்டி இலேசானது, விலை குறைந்தது. துளி நீர் புகுந்தாலும் வெளியிலிருந்தே தெரியும். ஆனால் தோணியின் பெற்றோலும், உடலிற் பூசும் பூச்சிவிரட்டித் தைலமும் அதனைக் கெடுத்து வெடிக்கச்செய்யும். அலுமினியப் பெட்டி கனமானது, விலை மிக்கது, ஆழத்துக்குரியது. அதன் மேற்பூச்சுக் கீறப்பட்டால் உப்பு அவ்விடத்தை அரிக்கும். 24 மீட்டருக்கு மேல் இறங்க எண்ணாதவருக்கு முன்னதே போதும்.

வில்லைக்கு முன்னுள்ள சாளரம் இருவகைப்படும். தட்டையான சாளரத்தின் வழியே பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரியனவாகத் தோன்றும். சிறு மீன்களையும் பவளப் பூச்சிகளையும் எடுக்க அது நன்று. கப்பல் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க விரும்புவோருக்குக் கவிகைவடிவச் சாளரமே வேண்டும். ஆதலின் சாளரத்தை மாற்றிப் பூட்டக்கூடிய பெட்டி இரண்டுக்கும் பயன்படும். சிவப்பு நிறம் ஐந்தாறு மீட்டருக்குள்ளேயே பெரிதும் மங்கிவிடுவதால், வெளிவிளக்கு இணைக்க வழியுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

கமெராவை வாங்கியபின் பெட்டியைத் தேடுவோரே பலர். இது கால்நடையை வாங்கியபின் தொழுவுக்கு இடம் பார்ப்பதை ஒக்கும். 1963இல் நிக்கன் நிறுவனம் வெளியிட்ட 'நிக்கனோஸ்' கமெராவில் கமெராவே பெட்டியாயிருந்தமையால் இத்தொல்லை இல்லை. அதன் உற்பத்தியோ 2001இல் நின்றுவிட்டது. இன்றைய கமெராக்களில் ஒவ்வொரு மாதிரிக்கும் வெவ்வேறு பெட்டி வேண்டும். ஒரு மாதிரிக்குச் செய்தது அடுத்ததற்குப் பொருந்துவது அரிது. ஆதலின் நல்ல பெட்டி கிடைக்கும் சற்றுப் பழைய கமெராவே, பெட்டி கிடையாத புதிய கமெராவைவிடச் சிறந்தது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரையே கடல் தெளிந்திருக்கும். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாயும் மாரியில் கடலோரமும் கலங்கிவிடும். தெளிந்த மாதங்களிலும் கரைக்காற்று ஈரமிக்கது. அக்காற்றைப் பெட்டிக்குள் அடைத்து நீரில் இறக்கினால் சாளரத்தின் உட்புறம் பனித்துப் படங்கள் பாழாகும். பெட்டியைக் கடற்கரையில் வைத்து மூடாது, உலர்ந்த அறையில் மூடி, உள்ளே சிலிக்கா மணிப் பொதியொன்றை இடுதல் இதற்கு மருந்து.

பெட்டியின் மேற் பொறித்த ஆழம் பெட்டிக்குரியதே, மனிதனுக்குரியதன்று. பொழுதுபோக்காகச் சுழியோடுவோருக்குப் பயிற்சி நிலையங்கள் வகுத்த எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே நைதரசன் மயக்கம் அறிவைக் கலக்கும். 60 மீட்டருக்குரிய பெட்டியைக் கையிற் கொண்டமையால் மட்டும் 'ஹெர்மிஸ்' வரை இறங்கத் துணிந்தவர், தனிப்பயிற்சி பெறாதவராயின் உயிரையே பணயம் வைக்கின்றார்.

அவ்வாறே, நீருக்கடியிற் பெட்டிக்குள் நீர் புகக் கண்டவர் கமெராவைக் காக்கும் ஆவலில் விரைந்து மேலெழல் பெருந்தவறு. நெஞ்சில் அடக்கிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். கரைந்த நைதரசன் குமிழியாகி உடலை முடமாக்கும். சாளரத்தைக் கீழ்நோக்கிப் பிடித்தால் நீர் அப்பக்கத்தே தேங்கி, மின்னுறுப்புகள் சற்றுநேரம் தப்பும். அவ்வாறு பிடித்தவாறே வழக்கமான வேகத்தில் ஏறுதல் வேண்டும். மேலே வந்ததும் கதவை முகத்துக்கு எதிரே வைத்துத் திறக்கலாகாது. ஆழத்தில் உட்புகுந்த நீர் நெருக்கிய காற்று கதவை வேகமாகத் தள்ளக்கூடும். திறந்தவுடன் இலிதியம் மின்கலத்தைக் கழற்றி, எரியும் பொருள்களுக்கு அப்பால் வைக்கவேண்டும். உப்புநீர் பட்ட அம்மின்கலம் சூடேறித் தீப்பற்றவும் கூடும். கமெரா பிழைக்குமோ என்ற கேள்வி அதன் பின்னரே எழலாம்.