கூட்டமாக பைக்கில் கிளம்புகிறீர்களா? கடைசி வண்டிக்காரரைக் கவனியுங்கள்!

சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. 'நாளைக்குக் காலையில அஞ்சு மணி, தாம்பரம். செஞ்சிக்கோட்டை பார்த்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்.' அவ்வளவுதான், பத்து பேர் 'ரெடி' என்கிறார்கள்.

வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து இறுகிப் போனவர்களுக்கு, வயல்காட்டுக் காற்றும் நாலு நண்பர்களின் அரட்டையும் நல்ல மருந்துதான். ஆனால் எந்த மருந்துக்கும் அளவும் பத்தியமும் உண்டே!

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக செஞ்சி சுமார் 150 கிலோமீட்டர். போக வர 300. சராசரியாக 50 கிலோமீட்டர் வேகம் என்றால்கூட ஆறு மணி நேரம் சீட்டில் இருக்க வேண்டும். நடுவில் வெயிலில் ராஜகிரிக் கோட்டைப் படிகள் வேறு. ஒரே நாளில் உடம்புக்கு இது பெரிய வேலை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

கடைசி வண்டியின் கஷ்டம்

கூட்டமாகப் போகும்போது யாருக்கு அதிக ஆபத்து? முன்னால் போகிறவருக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். பின்னால் வருகிறவரின் பாட்டைப் பாருங்கள். குறுக்கே ஒரு பஸ் வந்து, அவர் அரை நிமிஷம் நின்றுவிடுகிறார். முன்னால் போகிறவர்கள் 60-ல் போய்க்கொண்டே இருந்தால், அதற்குள் அரை கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார்கள். அவர்களைப் பிடிக்க இவர் 75-ல் விரட்டினால், முழுசாக ரெண்டு நிமிஷம், அதாவது இரண்டரை கிலோமீட்டர் விரட்ட வேண்டும். அந்த இரண்டரை கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடம், ஒரு வளைவு, பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடை இருக்காதா என்ன?

பெரும்பாலும் கடைசியில் மாட்டுகிறவர் யார்? புதுசாக வந்தவர், சின்ன வண்டிக்காரர், வெட்கப்பட்டுக்கொண்டு 'மெதுவா போங்கப்பா' என்று சொல்லாதவர்! எனவே அனுபவசாலி ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். புதியவருக்கு முன்னவருக்கு அடுத்த இடம். வேகத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். பத்து பேர் இருந்தால் ஐந்து ஐந்தாகப் பிரிந்து போங்கள். அடுத்து நிற்கப் போகும் ஊரை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

இடைவெளி எவ்வளவு?

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நொடியாவது போய்விடும். களைத்திருந்தால் இன்னும் கூடுதல்.

அதனால் முதல் வண்டி தன் பாதையின் வலப்புறம், அடுத்தது ஒரு நொடி பின்னால் இடப்புறம், மூன்றாவது மறுபடி வலப்புறம் என்று போவது நல்லது. உங்களுக்கு நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி இருக்கட்டும். வளைவுகளிலும் குறுகலான கிராமத்துச் சாலைகளிலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். ஜோடி சேர்ந்து பேசிக்கொண்டே போவது கூடவே கூடாது.

கிராமத்துச் சாலையில் அறுவடைக் காலத்தில் நெல்லோ கேழ்வரகோ காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பொழுது சாய்ந்தபின் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் நிற்கும். ஓர் ஆடு குறுக்கே ஓடினால், பின்னாலேயே இன்னும் நாலு வரும்!

வேர்க்கவே இல்லையே!

ஓடும் வண்டியில் வேர்வை காற்றில் உடனுக்குடன் காய்ந்துவிடும். 'வேர்க்கலை, அதனால தண்ணி வேணாம்' என்று தோன்றும். இது ஏமாற்றம். உடம்பில் நீர் குறைந்தால் தலைவலி, எரிச்சல், கவனக்குறைவு வரும். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவதும் உண்டு. கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு மணி நேரத்துக்கொரு தடவை எல்லோருமே நிறுத்திவிட்டால், யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர், மோர், இளநீர் எது கிடைத்தாலும் நல்லது. (இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் நீர் அளவு சொல்லியிருந்தால் அதன்படிதான்.)

நிறுத்தும்போது வண்டியிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். இறங்கி நடங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள். கை மரத்துப் போகிறதா? ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதால் உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது, அதிர்வும் சேர்கிறது. பிடியைத் தளர்த்துங்கள், முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள். மறுநாளும் மரத்தல் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாடும் மாத்திரையும்

மதியம் இரண்டிலிருந்து நாலு மணி வரை உடம்பே தூக்கத்தைத் தேடும் நேரம். பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு உடனே கிளம்பினால் கேட்க வேண்டுமா! அளவாகச் சாப்பிட்டு, நிழலில் இருபது நிமிஷம் கண்ணை மூடுங்கள். முதல் நாள் ராத்திரி சரியாகத் தூங்காதவர் அன்றைக்கு வண்டி ஓட்டவே வேண்டாம்.

சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் குளோர்பெனிரமைன், செட்ரிசின் மாதிரி மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், கண் இருட்டும். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். கூட வருபவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

பின்னால் உட்காருபவர்

பின் சீட்டில் இருப்பவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட், விழும்போது தலைக்கு முன்னால் தான் கழன்று ஓடிவிடும்! துப்பட்டா, புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் கழுத்தே இறுகிவிடலாம். இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சேலை கார்டைக் கழற்றிப் போட்ட வண்டியில் ஏறாதீர்கள்.

விழுந்துவிட்டால்...?

முதலில் மற்ற வண்டிகளை ஓரமாக நிறுத்தி, வரும் வாகனங்களுக்கு ஒருவர் எச்சரிக்கை காட்டட்டும். 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுத்து எலும்பு உடைந்திருக்கலாம், ஆகவே தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சு சரியாக இருந்தால் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். மூச்சு தடைப்பட்டால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

'போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே' என்ற பயம் வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தமிழ்நாட்டில் நடக்கும் விபத்தில் சிக்கியவர்களுக்கு, முதல் 48 மணி நேர சிகிச்சைக்காக அரசு 2021-ல் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது.

உங்கள் பிள்ளை இந்த மாதிரிக் கூட்டத்தோடு கிளம்பினால், 'எவ்வளவு தூரம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'களைப்பா இருக்குன்னு சொன்னா நிறுத்துவாங்களா, கிண்டல் பண்ணுவாங்களா?' என்றும் கேளுங்கள். நிறுத்துவார்கள் என்றால் தாராளமாகப் போய்வரட்டும். கிண்டல் பண்ணுவார்கள் என்றால், வேறு நல்ல கூட்டமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.