150 சதவீதக் கூட்டம் என்றால் எத்தனை பேர்?

ஏப்ரல் 1. ஜப்பானில் பெரும்பாலான கம்பெனிகள் புது ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் நாள். மார்ச் வந்தாலே டோக்கியோ பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பல கடிதங்களில் ஒரே குழப்பம்: “மகனுக்கு நிஷிகசாயில் வீடு, ஓதேமாச்சியில் ஆபீஸ். சுரங்க ரயிலில் கூட்டம் 150 சதவீதம்தான் என்கிறார்கள். நூறுக்கு மேல் போனபின் ‘தான்’ எங்கிருந்து வருகிறது?”

நியாயமான கேள்வி. கார்டைத் தட்டி உள்ளே போவது, வண்ணம் பார்த்து வழித்தடம் பிடிப்பதெல்லாம் இரண்டே நாளில் பழகிவிடும். நான் எழுத நினைப்பது இந்த சதவீதத்தைப் பற்றி.

போக்குவரத்து அமைச்சகம் இதை ‘நெரிசல் விகிதம்’ என்கிறது. ஏறிய ஆட்களை ரயிலின் கொள்ளளவால் வகுத்தால் வருவது. கொள்ளளவு என்றதும் இருக்கைகளை எண்ணாதீர்கள். உட்கார்ந்தவர், வளையத்தைப் பிடித்து நிற்பவர், கதவோரக் கம்பியைப் பற்றியவர் எல்லாரும் சேர்ந்துதான் 100. கணக்கு தொடங்கும்போதே பாதிப்பேருக்கு மேல் நிற்கிறார்கள்.

அதற்கு மேலே போனால்? அமைச்சகம் பல ஆண்டுகளாக வெளியிட்ட விளக்கப் படங்கள் பத்திரிகைக்காரன் பூரித்துப்போக வேண்டியவை. 150 என்றால் செய்தித்தாளை விரித்து வசதியாகப் படிக்கலாம். 180 என்றால் மடித்து, சிரமப்பட்டுப் படிக்கலாம். 200 என்றால் உடம்போடு உடம்பு அழுந்தும், ஆனாலும் வார இதழை எப்படியோ படித்துவிடலாம். 250-இல்தான் வண்டி ஆடும்போதெல்லாம் சாய்ந்து, கையைக்கூட அசைக்க முடியாமல் நிற்க வேண்டும். கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஆட்கள் நிற்கும் பெட்டியில் ஒருவர் வார இதழின் பக்கத்தைப் புரட்டுகிறார் என்பதை, அதை அச்சடித்து விற்கும் தொழிலில் இருக்கும் என்னாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்த சாமர்த்தியம் சராசரி. நிஷிகசாய் வழியே போகும் தோசாய் தடத்தில் கிபாவிலிருந்து மோன்சென்நகாச்சோ வரைதான் நெரிசலின் உச்சம். நேரம் காலை 7.50 முதல் 8.50 வரை. அந்த ஒரு மணி நேரத்தில் பத்துப் பெட்டி ரயில்கள் 27. எல்லாம் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 38,400. 2019 நிதியாண்டில் ஏறியவர்கள் ஏறத்தாழ 76,500. விகிதம் 199. இருநூறைத் தொடவில்லை என்று ஆறுதல் அடையலாம். ஆனால் அது 27 ரயில்களுக்கும் பத்துப் பெட்டிகளுக்கும் பொதுவான எண். இறங்கும் ஸ்டேஷனில் மாடிப்படிக்கு நேராக நிற்கும் பெட்டியை எல்லாரும் தேடி ஏறுவார்கள். அங்கே நிற்பவருக்கு அந்த எண் எதற்கு?

சரி, குறைத்தார்களா? 2016-இல் டோக்கியோ ஆளுநர் தேர்தலில் நின்ற யூரிகோ கொய்கே, நெரிசல் ரயில்களே இருக்காது என்றார். 2019 ஜனவரியில் டோக்கியோ மெட்ரோ, போதிய பேர் அதிகாலை ரயிலுக்கு மாறினால் சோபா நூடுல்ஸும் டெம்புராவும் இலவசம் என்றது. கடைசியில் கூட்டத்தைக் குறைத்தது கொரோனா. தோசாய் தடத்தின் விகிதம் 2020-இல் 123 ஆனது, 2023-இல் மறுபடி 148. முக்கியத் தடங்களின் சராசரியை 150-க்குக் கொண்டுவருவது அமைச்சகத்தின் இலக்கு. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் அதை நிறைவேற்றிக் கொடுத்தார்கள்.

பொறியாளர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மணிக்கு 27-க்கு மேல் ரயிலைக் கூட்டவிடாமல் தடுப்பது வேகம் இல்லை, ஆட்கள் ஏறி இறங்க வண்டி நிற்கும் நேரம். அதனால் 2010-இல் வந்த 15000 வரிசை ரயில்களில் வழக்கமான 1.3 மீட்டர் கதவை 1.8 மீட்டராக அகட்டினார்கள். மினாமிசுனாமாச்சி ஸ்டேஷனில் கூடுதல் தண்டவாளமும் பிளாட்பாரமும் போடுகிறார்கள். முன் ரயில் கிளம்பும் முன்பே பின் ரயில் மறுபக்கம் நுழைந்துவிடலாம். அந்த வேலைக்காக 2024 மே மாதம் இரண்டு நாள் அப்பகுதியில் ரயிலையே நிறுத்தினார்கள்.

மற்ற கேள்விகள்:

நிஷிகசாயில் உட்கார இடம் கிடைக்குமா? காலையில் கிடைக்காது, சிபா பக்கத்திலிருந்து வருபவர்கள் முன்பே ஏறியிருப்பார்கள்.

பாஸ் செலவு யாருடையது? பெரும்பாலும் கம்பெனியுடையது, மாதம் 1,50,000 யென் வரை வரியும் இல்லை.

டோக்கியோ மெட்ரோவும் தோஎய் சுரங்க ரயிலும் ஒன்றா? இல்லை, இரண்டும் தனித்தனி நிறுவனங்கள்; மாறி ஏறினால் இரண்டு கட்டணம், 70 யென் தள்ளுபடி.

ரயில் தாமதமானால்? தாமதச் சான்றிதழ் தருவார்கள், ஆபீஸில் காட்டலாம்.

இரவு முழுக்க ஓடுமா? ஓடாது. நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில், தவறவிட்டால் டாக்சி.