இலையைத் திருப்பிப் பாருங்கள்

குளத்தில் வட்ட இலை மிதந்தாலே தாமரை என்று சொல்லிவிடுகிறோம். பூத்திருந்தால் குழப்பமில்லை. ஆனால் பூவுக்குப் பருவமும் பொழுதும் உண்டு. இலைக்கு அந்தக் கணக்கு இல்லை. அதனால் இலையிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில், காம்பு சேரும் இடம். தாமரையில் அது குடைக்காம்பைப் போல இலையின் நடுவில் சேரும். விளிம்பில் பிளவு இராது. இளம் இலைகள் நீர்மேல் படுத்திருக்கும், பிற்பாடு வருபவை நீரைவிட்டு உயர்ந்து நிற்கும். காம்பைத் தடவினால் சிறு முட்கள் உறுத்தும். அல்லி இலையிலோ விளிம்பிலிருந்து காம்புவரை ஆழமான பிளவு இருக்கும்.

அடுத்து, விளிம்பு. அல்லியின் விளிம்பில் கூரிய பற்கள் வரிசையாக இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் மென்மயிர் தட்டுப்படும். அதன் பூ மாலையில் விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் கூம்பும். நீல ஆம்பலின் இலைவிளிம்பில் அவ்வளவு கூரிய பற்கள் இல்லை, அடிப்பக்கம் வழவழப்பானது, பூவும் பகலில்தான் மலரும்.

பூவில் நடுப்பகுதியைக் கவனியுங்கள். தாமரையில் விதைகள் பதிந்த பொகுட்டு மேல்பக்கம் தட்டையாக எழுந்து நிற்கும். இதழ் உதிர்ந்தபின் நீருக்கு மேலேயே முற்றும். அல்லிக்குப் பொகுட்டு இல்லை. காய் நீருக்குள் அமிழ்ந்து முற்றும். 1753-இல் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். இன்றைய மரபணு ஆய்வுகளின்படி தாமரைக்கு நெருங்கிய உறவு அல்லியல்ல. நிலத்தில் வளரும் பிளேட்டனஸ் மரங்கள்.

அல்லி இலையைச் சிறிதாக்கியது போலிருந்தால் நிம்ஃபாய்டிஸ் இனமா என்று பாருங்கள். இலைக்குச் சற்றுக் கீழே, காம்பு போன்ற தண்டிலிருந்தே பூக்கள் கொத்தாகக் கிளம்பும். அவற்றில் நிம்ஃபாய்டிஸ் இண்டிகாவின் வெள்ளை இதழ்கள் முழுக்க மெல்லிய இழைகள், நடுவில் மஞ்சள்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையை, காற்றடைத்து உப்பிய காம்பே காட்டிக்கொடுக்கும். அதன் ஊதாப் பூவில் மேல் இதழில் மட்டும் மஞ்சள் பொட்டு. நான்கு சிற்றிலைகள் கொண்ட ஆரைக்கீரையில் பூவைத் தேட வேண்டாம். அது பெரணி வகை.

படம் எடுப்பவர்கள் பூவோடு நிறுத்திவிடாமல் இலையின் அடிப்பக்கம், விளிம்பு, காம்பு சேரும் இடம் மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். பூ இல்லாத நாளில் செடியின் பெயரைச் சொல்ல அவை போதும்.