முகிலருகே தூசிப்படல அளவீடு

முகிலருகே தூசிப்படல அளவீடு என்பது, வளிமண்டலத்தில் மிதக்கும் நுண்துகள்களை (ஏரோசால்) முகில்களுக்கு அண்மையிலுள்ள தெளிவான வான்பகுதியில் செயற்கைக்கோள் மூலம் அளவிடுவதைக் குறிக்கும். முகில்கள் இத்துகள்களை விடப் பன்மடங்கு மிகுதியாக ஒளியைத் தெறிப்பதால், இவ்வளவீட்டில் பிழைகள் எளிதில் நேர்கின்றன. சென்னையின் வண்ணாரப்பேட்டை போன்ற கடலோரத் தொழிற்பகுதிகளின் காற்று மாசை விண்ணிலிருந்து அறிய முயலும்போது இச்சிக்கல் முதன்மை பெறுகிறது.

அளவிடும் முறை

நாசா ஏவிய டெரா (1999), அக்வா (2002) ஆகிய செயற்கைக்கோள்களில் உள்ள மோடிசு உணரி, புவியிலிருந்து தெறித்து மேலெழும் சூரிய ஒளியைப் பல அலைநீளங்களில் பதிவு செய்கிறது. தரையின் பங்கைப் பிரித்தபின் கிடைக்கும் ஒளியிலிருந்து துகள்களின் ஒளியியல் தடிப்பு கணிக்கப்படுகிறது. தரை முதல் வளிமண்டல உச்சி வரையுள்ள துகள்கள் அனைத்தும் சேர்ந்து ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதையே இது காட்டும்.

வழமையான கணிப்பில் 10 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டம் ஒன்று, அரைக் கிலோமீட்டர் அளவுள்ள 400 படப்புள்ளிகளைக் கொண்டது. முகில் உள்ள புள்ளிகள் முதலில் நீக்கப்படும். பின்னர், நிலப்பகுதியாயின், எஞ்சியவற்றுள் மிக ஒளிர்வான பாதியும் மிக இருண்ட ஐந்திலொரு பங்கும் விலக்கப்படும்.

பிழைக்கான காரணங்கள்

1. முகிலின் பக்கங்களிலிருந்து தெறிக்கும் ஒளியை அருகிலுள்ள காற்று மூலக்கூறுகள் மீண்டும் சிதறடிக்கின்றன. நீல ஒளியே மிகுதியாகச் சிதறுவதால், அப்பகுதி உள்ளதை விட ஒளிர்வாகவும் நீலமாகவும் தோன்றி, நுண்துகள்கள் கூடுதலாக இருப்பது போன்ற மயக்கத்தைத் தரும்.
2. முகிலருகே ஈரப்பதம் மிகுதி. கடலுப்பு, சல்பேட்டு ஆகிய துகள்கள் நீரை ஈர்த்துப் பருக்கின்றன. இது கருவியின் பிழை அன்று. எனினும், மாசுப்பொருளின் அளவு கூடாமலே ஒளியியல் தடிப்பு கூடிவிடும்.
3. உணரியால் பிரித்தறிய இயலாத சிறு முகில்கள் துகள்களாகக் கணக்கிடப்படலாம்.

முகிலுக்கும் தெளிவான வானுக்கும் இடைப்பட்ட இப்பகுதி பல பத்துக் கிலோமீட்டர் வரை நீளக்கூடும் என 2007 இல் இலான் கோரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதனை அவர்கள் அந்திப் பகுதி என அழைத்தனர். 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ செயற்கைக்கோள், தன் சொந்த லேசர் ஒளியைப் பயன்படுத்தியதால் முதற் பிழையிலிருந்து பெரிதும் விடுபட்டது. ஆயினும் அது தன் பாதைக்கு நேர்கீழே உள்ள குறுகிய கோட்டை மட்டுமே அளந்தது.

வட சென்னையில்

வண்ணாரப்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் துறைமுகம், சரக்குந்துப் போக்குவரத்து, மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின்நிலையங்கள் ஆகியவற்றின் புகையும் கடலுப்பும் கலக்கின்றன. ஒரே கட்டத்துள் கடலும் துறைமுகமும் குடியிருப்பும் அடங்கிவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது வானம் பெரும்பாலும் முகில் சூழ்ந்திருக்கும்.

முகிலருகே உள்ள புள்ளிகளை நீக்கினால், ஆண்டுச் சராசரி தெளிவான, வறண்ட நாட்களை மட்டுமே காட்டும். நீக்காவிடில் மாசு மிகைப்படும். செயற்கைக்கோள் வரைபடத்தில் வெற்றிடமாக உள்ள நாளைத் தூய காற்றுள்ள நாளாகக் கொள்ளலாகாது. அந்நாட்களில் மக்கள் மூச்சுவிடும் காற்றின் நிலையை, மணலியில் உள்ளது போன்ற தரைக் கண்காணிப்பு நிலையங்களைக் கொண்டே அறிய இயலும்.